படலையில் போட்ட பெருக்கல் குறி

இன்று காலை உமது வீட்டு வாசல் படலையில் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். திருவிழாவுக்கு அரிசி தண்ட வந்தவர்கள் போட்டது. இறப்புத் துடக்கு, அந்தத் தீட்டு, கழியும்வரை உமது வீட்டில் கோயிலுக்கு எதுவும் வாங்கக்கூடாது. பின்னால் வருகிறவர்கள் தெரியாமல் கேட்டுவிடக்கூடாது என்பதற்கான அடையாளம். இந்த ஊரில் அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடியவர் நீர் ஒருவர்தான். உமக்காகவே அதைப் போட வேண்டி வந்துவிட்டது.

அந்தக் குறி முதன்முதலில் வந்த ஆண்டு உமக்கு மறந்திருக்காது. அரிசி தண்டுகிறவர்கள் அந்த முறைதான் இரண்டு குழுவாகப் போனார்கள். அதே வாரங்களில் ஒரு தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மிசின் களவு போனது. பிறகு பட்டப்பகலில் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினார்கள். சனம் பயந்தது. பயந்த சனம் நல்ல கேள்விகளைக் கேட்டது. எந்தப் பக்கத்தால் வந்தார்கள், நாய் ஏன் குரைக்கவில்லை, இருட்டு ஒழுங்கைக்கு விளக்குப் போட்டால் என்ன? சனசமூக நிலையத் தலைவராக நீர் வாசிகசாலை வாங்கில் உட்கார்ந்து எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னீர்.

பிறகு யாரோ சில படலைகளில் இருந்த குறிகளைப் படமெடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டார்கள். களவுக்கு வீடு பார்த்து வைத்த அடையாளமாம். பொழுதுபடுமுன் கனடாவில் இருக்கும் ஊர்க்காரரின் குரல் பதிவுகள் வரத் தொடங்கின. அதோடு கேள்விகள் நின்றன. பழி போட இனி ஓர் ஆள்தான் வேண்டும். மோட்டார் சைக்கிளில் புடவை மூட்டையோடு வரும் முஸ்லிம் வியாபாரி இருந்தார். அதுவரை அவரை ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டது. அன்றிலிருந்து அவர் 'உவங்கள்' ஆனார்.

வாசிகசாலையில் இடம் போதாதென்று கூட்டத்தைக் கோயில் மடத்தில் வைத்தார்கள்.

"உவங்களை ஊருக்குள்ளை விட்டதே பிழை," என்றார் ஒருவர்.

"களவு போனது மிசின். நானா கொண்டு திரியிறது சீலை," என்றீர் நீர். "மிசினுக்குச் சீலை உடுத்திக் கூட்டிக்கொண்டு போனவரோ?"

ஒரு கணம் மடமே சிரித்தது. அந்தச் சிரிப்போடு கூட்டத்தை முடித்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"என்ன, நக்கலோ? உம்மடை வீட்டிலை களவு போயிருந்தாத் தெரியும்!" என்று அவர் கத்தினார்.

அவ்வளவுதான். வெளி வியாபாரிகள் உள்ளே வரக்கூடாது என்று சந்தியில் பலகை நட முடிவாயிற்று. எதிர்த்துக் கை உயர்த்தியவர்கள் நீரும் நானும். அந்தத் தீர்மானத்தில் ஒப்பமிட மாட்டேன் என்று தலைவர் பதவியை விட்டு எழுந்தீர். தண்டலுக்குப் பொறுப்பாயிருந்த கோயில் செயலாளர் தர்மலிங்கத்தார் முன்வரிசையில் இருந்தார். குறி போடச் சொன்னவரே அவர்தான். அவரும் வாய் திறக்கவில்லை, அவர் சொல்லித் தண்டப் போனவர்களும் திறக்கவில்லை.

உண்மை தெரிந்த மற்றவர்கள் குறி போடப்பட்ட வீட்டுக்காரர்கள். ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருந்தது, மற்ற வீடுகளில் சாவு. துடக்கோடு கோயில் மடத்துக்கு வர முடியாது. விடயம் தெரிந்தவர்களை வெளியே வைத்துவிட்டு ஊர் தீர்ப்புச் சொன்னது. பிள்ளை பெற்றவள் பிறகு உமது மனைவியிடம் சொல்லித்தான் நமக்கே தெரிய வந்தது. நீர் வாசிகசாலையில் போய்ச் சொன்னீர். யாரும் மறுக்கவில்லை.

"சரி, அது துடக்குக்குப் போட்டதுதான். எண்டாலும் பலகை நிக்கட்டும். ஒரு பாதுகாப்புக்கு," என்றார்கள்.

நான் பாடசாலையில் அரசறிவியல் படிப்பிக்கிறேன். பொதுசன அபிப்பிராயம் பற்றிப் பாடத்தில் இருப்பதையெல்லாம்விட இந்த ஒரு பதில் எனக்குக் கூடுதலாகக் கற்பித்தது. காரணம் பொய்யென்று தெரிந்த பிறகும் கோபம் போகவில்லை. அது வேறு காரணம் தேடிக்கொண்டது. அந்தப் பலகையைப் பெருமையாகப் பேசியவர்கள் அடுத்த தேர்தலில் வாக்கும் வாங்கினார்கள்.

தர்மலிங்கத்தாரோடு நான் அன்றிலிருந்து கதைப்பதில்லை. நீர் கதைத்தீர், தேநீரும் குடித்தீர். அதைக் கேட்டு நான் சண்டைக்கு வந்தபோது, "உம்மடை கோபம் படிச்ச கோபம், ஐசே. வேறை வித்தியாசம் ஒண்டுமில்லை," என்றீர். அந்தச் சொல்லுக்காக உம்மோடும் சில காலம் முகம் கொடுக்காமல் இருந்தேன். இப்போதும் அதை முழுதாக ஏற்கவில்லை. களவு போன மிசினுக்காக வந்த கோபமும், ஒரு மனிதனுக்குச் செய்த அநியாயத்துக்காக வந்த கோபமும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் காதை அடைக்கும் என்பதில் நீர் சொன்னது சரி.

உமது செத்தவீட்டன்று நானா சந்திவரை வந்து பலகையடியில் நின்றுவிட்டார். நான் போய்க் கூப்பிட்டேன்.

"வேண்டாம் சேர். பிறகு உங்களுக்குத்தான் கரைச்சல்."

"கரைச்சல் எனக்குப் பழக்கம். வாரும்."

இருவரும் நடந்து வந்தோம். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தர்மலிங்கத்தார் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த கதிரையை நானாவிடம் தள்ளினார். நீராயிருந்தால் அதோடு எல்லாவற்றையும் மன்னித்திருப்பீர். நான் மன்னிக்கவில்லை. ஆனால் கண்டதைக் கண்டதாகவே உமக்கு எழுதுகிறேன்.

அடுத்த கிழமை பொதுக்கூட்டம். பலகையைப் பிடுங்கும் பிரேரணையை நான் கொடுத்திருக்கிறேன். இப்போது களவில்லை, தேர்தலில்லை, சனம் ஆறியிருக்கிறது. கேட்கக்கூடிய காதுகள் இருக்கும்போதுதான் கேட்க வேண்டும் என்பதை உம்மிடமிருந்து எடுத்துக்கொண்டேன். கோபத்தை என்னிடமே வைத்துக்கொண்டேன். வெல்வோம் என்றுதான் நினைக்கிறேன். கூட்டத்தை மடத்தில் வைக்கக்கூடாது, பள்ளிக்கூட மண்டபத்தில் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று அதையும் வாங்கிவிட்டேன். துடக்கு வீட்டாரும் அங்கே வரலாம்.

நேற்று உமது மனைவியிடம் சொன்னேன். "ஓம் அண்ணை, நான் வாறன்," என்றா. "சனம் என்னவும் கதைக்கட்டும். எனக்கு முன்வாங்கிலை ஒரு இடம் பிடிச்சு வையுங்கோ."