இன்னும் நீளமான கதை

கண்ணு,

உன்ற போனை மாப்பிள்ளை எடுத்துப் பாக்கறாரு. உங்கண்ணங்கிட்ட வாயால சொன்னா அரிவாளோடதான் வருவான். அதனால எழுதி, ஒட்டி, அவன் கையிலயே குடுத்துவிடறேன்.

நான் வாட்சப்புல பேசி அனுப்பற கதையைப் பேத்தி ஹெட்போன் மாட்டிக் கேக்கறான்னு தெரு முழுக்கப் பீத்திக்கிட்டேன். அஞ்சாவதோட நின்னவளுக்கு அது பெரிய பட்டம் வாங்கினாப்பல இருந்துச்சு. "இன்னும் நீளமாச் சொல்லு அமுச்சி"ன்னு மிதுனா கேட்டா, பூதத்துக்கு ஏழு தலை வெச்சு இழுப்பேன்.

நேத்து அவளே பேசி அனுப்பினா. "அமுச்சி, கதை முடிஞ்சிருச்சு. அப்பா இன்னும் அடிச்சு முடிக்கல." பின்னால பெல்ட்டுச் சத்தம். நீ செவுத்துல மோதின சத்தம். "கத்தாதடி, புள்ள கதை கேக்குது"ன்னு அவரு சொன்னதும் கேட்டுச்சு.

போன மாசம் உன்ற உதடு கிழிஞ்சப்ப, பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டேன்னு சொன்னே. நம்பினாப்பல இருந்துட்டேன். நல்ல எடத்துல குடுத்தேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவ நான்.

அந்த வாய்ஸ் உன்ற போன்லயும் இருக்கும். சாயங்காலம் அவரு வந்து கேக்கறதுக்குள்ள, புள்ளையத் தூக்கிட்டு அண்ணன் வண்டியில ஏறிரு. எனக்கு ஒடம்பு சரியில்லைன்னுதான் அவங்கிட்டச் சொல்லியிருக்கேன். துணிமணி ஒண்ணும் வேண்டாம்.

தெருவுல கேட்டா, இந்தக் கதையையும் நானே சொல்லிக்கறேன்.

உன்ற அம்மா