முதல் பக்கத்தில் அப்பா

குருசுக்குப்பம், புதுச்சேரி
ஆடி 12

அன்பு மகள் கார்குழலிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம். சர்க்கரை குறைந்திருக்கிறது என்று கதிர்காமம் பெரியாஸ்பத்திரி டாக்டரே சொன்னார், நம்பு. மாட்ரிட்டில் வெயில் கொளுத்துகிறதாமே, தலையில் எண்ணெய் வைக்கிறாயா?

உன் ஆய்வேட்டின் முதல் பக்கத்தைப் போனில் அனுப்பியிருந்தாய். ஸ்பானிஷ் எனக்கு எங்கே தெரியும்? உன் அப்பா பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பெருமை தாங்காமல் பிரெஞ்சு வாத்தியார் இராமதாஸ் ஐயாவிடம் ஓடினேன். இரண்டும் பங்காளி மொழியாம், தட்டுத்தடுமாறிப் படித்தார். "உங்க வீட்டுக்காரர் நினைவாகன்னு போட்டிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, என் நெற்றிப் பொட்டைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

யாரைக் கேட்டுப் போட்டாய்? கடலுக்குப் போனவர் ஐந்து வருஷமாகத் திரும்பவில்லை, அவ்வளவுதானே? உடம்பு கிடைக்காவிட்டால் மாவில் உருவம் பிடித்துக் காரியம் செய்யலாம் என்று உன் பெரியப்பா கலியபெருமாள் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் வந்து நிற்கிறார். வாசலோடு திருப்பி அனுப்புகிறேன். நீயோ அங்கே உட்கார்ந்துகொண்டு ஒரே வரியில் காரியத்தை முடித்துவிட்டாய்.

அவர் வருகிறார் குழலி. காலை பதினோரு மணிக்கு, கடலிலிருந்து திரும்புகிற அதே நேரத்துக்கு, வாசலில் கால் கழுவுகிற சத்தம் கேட்கும். அடுப்பை விட்டு வந்து பார்த்தால் படி ஈரமாக இருக்கும். நேற்றும் இருந்தது. பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா, "நாய் கொடத்தத் தட்டி உட்டுருக்கும்க்கா" என்கிறாள். குடம் வீட்டுக்குள் இருக்கிறது. பயமில்லை என்று சொன்னால் பொய். பத்தரையிலிருந்தே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன்.

ஏன் பயம் என்று சொல்லிவிடுகிறேன். போனில் சொல்ல வாய் வராது. அவர் காணாமல் போன நாற்பதாம் நாள், நீ விமானம் ஏற மூன்று நாள் இருக்கும்போது, தன் வலையில் சிக்கியது என்று நம் குப்பத்துக் கமலக்கண்ணன் ஒரு சட்டையைக் கொண்டுவந்தான். பச்சைக் கட்டம். இரண்டாவது பொத்தான் நான் சிவப்பு நூலில் தைத்தது. சட்டைக்குள் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். தெரிந்தால் நீ போகமாட்டாய், படிப்பு அதோடு போச்சு. "அப்பா வந்துடுவாரு, நீ கெளம்பு" என்று ஏற்றிவிட்டேன். அப்புறம் அந்தப் பேச்சை விட முடியவில்லை. உனக்குச் சொல்லிச் சொல்லி நானே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். சட்டை பெட்டியில் இருக்கிறது.

திங்கட்கிழமை ஏட்டைக் கொடுக்கிறாய். அந்த வரியை வைப்பதும் எடுப்பதும் உன் இஷ்டம். அர்ஜென்டினாவில் பட்டாளம் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைத் தேடி வருஷக்கணக்காகத் தெருவில் நின்ற அம்மாக்களைப் பற்றித்தான் ஏடு முழுக்க என்றாய். அவர்களில் எவளாவது என்னைப் போல, தெரிந்துகொண்டே காத்திருந்தாளா? இருந்தால் அவளைப் பொய்க்காரி என்று மட்டும் எழுதிவிடாதே அம்மா.

நேரத்துக்குச் சாப்பிடு. டாக்டராகி நல்லபடியாக வந்து சேர். நாங்கள் இரண்டு பேரும் உன்னை ஆசீர்வதிக்கிறோம்.

உன் அம்மா
அமுதவல்லி