ஒரே முழுங்கு

மணலூர்பேட்டை,
3-2-2025

அன்புள்ள மாமாவுக்கு,

மலையில் குளிர் எப்படி? ஸ்வெட்டர் இல்லாமல் விடுதிப் பிள்ளைகளோடு வாலிபால் ஆடாதீர்கள், வார்டன் சார். உங்கள் மகள் சுகம். வயிறு நிறைந்தால் தூக்கம், விழித்தால் சண்டை, அப்படியே உங்கள் குணம்.

இங்கே அம்மா வீட்டில் போனில் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். உங்கள் விடுதியிலோ டவரே எடுக்காது. அதனால் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது மாமா. வலிப்பு மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு தேயுமாம், பால் கொடுக்கிறவள் வேறு என்று நர்ஸம்மா கால்சியம் மாத்திரை கொடுத்தார். அம்மா இரண்டையும் உள்ளங்கையில் வைத்து, "பாப்பா எழறதுக்குள்ள ஒரே முழுங்கா முழுங்கிடும்மா" என்கிறார். அதற்குப் பிறகு இரண்டு தரம் என் வலது கை வெட்டி இழுத்தது. நான்கு வருஷமாக வராதது திரும்பி வருகிறதா? கால்சியத்தை நிறுத்தட்டுமா? வலிப்பு மாத்திரை பாலில் இறங்கும், அதையே விட்டுவிடு என்கிறாள் பக்கத்து வீட்டு செவ்வந்தி.

அத்தைக்குத் தெரிய வேண்டாம். "இன்னொரு வாட்டி வலிப்பு வந்துச்சுனா பேத்திய நான் தூக்கிக்கினு வந்துடுவேன்" என்று பிரசவ ஆஸ்பத்திரியிலேயே சொன்னவர் உங்கள் அம்மா.

உங்கள் மனைவி,
ஏஞ்சலின்

வெள்ளிமலை,
10-2-2025

என் ஏஞ்சலுக்கு,

உன் கடிதம் பார்த்ததும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, உனக்குப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் ஓடினேன். "எதையாவது நிறுத்திட்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். ஒன்றையும் நிறுத்தாதே. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்தாம். பாலில் கொஞ்சம்தான் இறங்குமாம், பாப்பாவுக்குப் பயமில்லையாம். உன் எலும்புக்குக் கால்சியமும் வேண்டும். ஆனால் நீ சாப்பிடும் வலிப்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால், அந்த மருந்து சரியாக உடம்பில் சேராதாம். நடுவே சில மணி நேரம் விட வேண்டும். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று உடனே பரிசோதனை செய்து பார்.

அங்கிருந்தே போனில் இதைச் சொன்னபோது "சரி, சரி" என்று வைத்துவிட்டாய். என்ன மறைக்கிறாய்?

ரெக்ஸ்

மணலூர்பேட்டை,
17-2-2025

மாமா,

மறைத்தேன். நீங்கள் போன் செய்த அன்று காலையிலேயே வலிப்பு வந்துவிட்டது. பாப்பாவைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கண் விழித்தபோது என் அம்மா கையில் அவள் ஈரத்தோடு அலறிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்திலேயே நின்றதால் பிடித்துக்கொண்டார். ஒரு கீறல் இல்லை. மாதாதான் காப்பாற்றினாள்.

டாக்டரம்மாவிடம் போய் வந்தோம். ரத்தத்தில் மருந்து கம்மியாம். இப்போது வலிப்பு மாத்திரை காலையிலும் இரவிலும், கால்சியம் மத்தியானச் சோற்றோடு. அதற்குப் பிறகு கை இழுக்கவில்லை.

ஆனாலும் நான் அவளைத் தூக்குவதில்லை. பால் கொடுக்கும்போதும் அம்மாதான் பிடித்துக்கொள்கிறார். என் கையைப் பார்த்தால் எனக்கே பயம். அத்தை வந்து எடுத்துக்கொண்டு போகட்டும், மாமா. உங்களுக்கும் என் கையைக் கண்டால் பயமா? மெய்யைச் சொல்லுங்கள்.

ஏஞ்சலின்

வெள்ளிமலை,
24-2-2025

ஏஞ்சல்,

பயம்தான். உன்னிடம் எனக்குப் பொய் வராது.

என் அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். "வலிப்புக்காரி கையில புள்ளய குடுத்துட்டு எப்டிடா தூங்கற?" என்று ஆடித் தீர்த்தார். "ஒத்தாசைக்கு வரதுனா வாம்மா. தூக்கிக்கினு போறதுக்கு வராத" என்றேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது. நிற்கட்டும்.

டாக்டரம்மாவிடம் மறுபடி கேட்டேன். தனியாகக் குளிப்பாட்டக் கூடாது, பால் கொடுப்பதைத் தரையில் உட்கார்ந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்காதே என்று அவர் சொல்லவேயில்லை.

சனிக்கிழமை வருகிறேன், ஒரு மாத லீவில். நீ சுவரில் சாய்ந்து உட்கார். பாப்பாவை உன் மடியில் நானே வைக்கிறேன். அப்போது எனக்கும் கை நடுங்கும், பார்த்துச் சிரிக்காதே.

உன் ரெக்ஸ்