காரில் வெந்த டப்பா

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையிலிருந்தே அனல். கரண்ட் இரண்டு முறை போனது. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பேப்பர் பாதிகூடத் திருத்தவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

பாலக்கோட்டுக்காரர்கள். தக்காளி மண்டி. பையன் பிரபு, அவன் அக்கா மீனா, அவர்கள் அம்மா. முதலில் தீர்த்தமலை ஏறிச் சாமி கும்பிட்டுவிட்டு, மத்தியானம் நம் வீடு. கார் அதுவரை மலையடியில் வெயிலில் நின்றிருக்கிறது. சீட்டில் உட்காரவே முடியவில்லையாம், அப்படிச் சுட்டதாம். வந்ததும் அதே பேச்சுதான்.

கேசரி, காபி. பிரபு நன்றாகத்தான் பேசினான். கணக்கில் எந்தப் பாடத்துக்குப் பிள்ளைகள் அதிகம் பயப்படுவார்கள் என்று கேட்டான். எனக்குப் பிடித்திருந்தது. எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

பிறகு அந்தம்மா மகளுக்குக் கண் காட்டினார். மீனா காருக்குப் போய் ஒரு சின்னப் பையோடு வந்தாள். சுகர் பார்க்கும் மெஷின்!

அந்தம்மா: "தப்பா நெனைக்காதீங்க. எங்க வூட்ல எல்லாருக்கும் சுகரு. வர்ற பொண்ணுக்காச்சும் இல்லாம இருக்கட்டும்னுதான். இது எங்க போனாலும் கூடவே வரும், கார்ல முன்னாடியே கெடக்கும். எனக்கே பாருங்க, கொஞ்ச நாளா ஏறிக்கிட்டே போவுது. இன்சுலின் ஊசிய நானே கூட்டிக்கிட்டேன்."

மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல. அப்பா வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். நானும் மறுபேச்சில்லாமல் விரலை நீட்டினேன் பாரு, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

292.

மீனா மெஷினை அந்தம்மாவிடம் காட்டினாள். அந்தம்மா பையனிடம். அவன் தரையைப் பார்த்தான். "ஊருக்குப் போயி போன் பண்றோங்க" என்று அந்தம்மா எழுந்துவிட்டார். வெற்றிலைத் தட்டைத் தொடவில்லை.

அம்மா அழுகிறாள். மீதிக் கேசரி அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 21, திங்கள்

வெயில் அதேதான். புரோக்கர் போன். "சரிப்பட்டு வராதுங்களாம்." சரி, தொலையட்டும்.

ஆனால் அவர்கள் புரோக்கரிடம் சொல்லி, புரோக்கர் வாயால் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்திருக்கிறது. பால் ஊற்றும் இடத்தில் அம்மாவிடம், "உம் பொண்ணுக்குச் சக்கர வியாதியாமே, இந்த வயசுலியேவா?" பக்கத்து வீட்டு அத்தை பாகற்காய் கொடுத்தனுப்பியிருக்கிறாள். பாகற்காய்! தூக்கிக் கொல்லையில் வீசினேன். அம்மா திட்டினாள். பிறகு பொறுக்கிக்கொண்டு வந்து குழம்பு வைத்துவிட்டாள்.

அப்பா: "இனிமே வர்றவங்ககிட்ட மறைக்கக் கூடாது கண்ணு." ஆக, நம்பிவிட்டார்.

நாளைக்கு:
– அரூர் லேப், வெறும் வயிறு
– மீதிப் பேப்பர்
– புரோக்கர் நம்பர் பிளாக்

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை ரத்தம் கொடுத்து, ஸ்கூல் முடித்து, சாயங்காலம் ரிப்போர்ட். வெறும் வயிற்றில் 88. மூன்று மாதச் சுகர் டெஸ்ட்டும் சரி. எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை!

அப்புறம் அன்றைக்கு அவர்கள் மெஷினில் 292 எப்படி வந்தது என்று லேப்பில் இருந்த பெண்ணிடம் கத்திவிட்டேன், பாவம்.

"இனிப்பு தொட்ட கையோட குடுத்தீங்களா?"

சோப்பு போட்டுக் கழுவினேன் என்றேன்.

"ரத்தம் வெக்கிற ஸ்டிரிப் இருக்குமே, அந்த டப்பா எங்க இருந்துச்சு?"

காரில்.

"இந்த வெயில்லயா! டப்பா மேலயே போட்டிருக்குமே, சூட்டுல வெக்காதீங்கன்னு. வெந்துபோன ஸ்டிரிப்பு இஷ்டத்துக்குக் காட்டுங்க. ஏத்தியும் காட்டும், கொறச்சும் காட்டும்."

ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும், பாகற்காய் அத்தைக்குத் தனியாக அனுப்ப வேண்டும் என்று கறுவிக்கொண்டே பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் உறைத்தது. அந்தம்மா ஊசி போடுவதும் அதே டப்பாவை நம்பித்தானே? இல்லாத சுகருக்கு இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போனால் ஆள் மயங்கி விழுவார்.

விழட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன்தான்.

வீட்டுக்கு வந்து போன் செய்தேன். மீனா எடுத்தாள். எல்லாம் சொன்னேன், டப்பாவைத் தூக்கிப் போடுங்கள் என்றேன்.

"வேணாம்னு சொன்னதுக்கு எங்க மெஷின் மேலயா பழி போடுற? நல்லா இல்லம்மா. வேற எடம் பாத்துக்க."

நான் கெஞ்சுகிறேனாம்! இவள் தம்பிக்காக!! பிரபு போனை எடுக்கவே இல்லை.

அம்மா: "விட்டுத் தொலடி. நமக்கென்னா வந்துச்சு?"

ஏப்ரல் 23, புதன்

தூக்கமில்லை. ஸ்கூலுக்கு லீவு. மெடிக்கலில் ஒரு மெஷின், புது ஸ்டிரிப். என் காசு! வெயில் படாமல் கைப்பைக்குள், பை மடியில். தர்மபுரி போய் பாலக்கோடு பஸ். அப்பாவிடம் சொல்லவில்லை.

கதவைத் திறந்தது மீனா. "நேர்லயே வந்துட்டியா?" அந்த இளிப்புக்கே ஒரு அறை விட்டிருக்கலாம். உள்ளே அந்தம்மா சோபாவில். ஃபேன் ஓடியும் புடவை நனைந்த வியர்வை, கை நடுக்கம். என்னைப் பார்த்து, "மீனா, தண்ணி குடு" என்றார். மீனா பக்கத்தில் நிற்கிறாள்.

காலையில் அந்த டப்பா ஸ்டிரிப் முன்னூறுக்கு மேல் காட்டியதாம். ஊசியைக் கூட்டிப் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு இட்லியோடு எழுந்துவிட்டாராம்.

கேட்காமல் விரலைப் பிடித்துக் குத்தினேன். 49.

"சக்கரை எங்க? சக்கரை!"

அந்த வீட்டில் சர்க்கரையே இல்லை. எல்லாருக்கும் சுகர் என்று வாங்குவதே இல்லையாம்! மீனா அடுத்த வீட்டுக்கு ஓடினாள், செருப்புகூடப் போடாமல். தண்ணீரில் கரைத்து நான்தான் குடிக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினேன், அதே காரில்.

ஏறும்போது அந்தம்மா என் கையைப் பிடித்தார். "தங்கமான பொண்ணு. நாளு பாக்கச் சொல்லட்டுமா கண்ணு?"

நாளாம். ஊரெல்லாம் நாறடித்ததற்கு ஒரு வார்த்தை இல்லை. கையை உருவிக்கொண்டேன். மீனா அழுதுகொண்டிருந்தாள், அதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பிரபு மெசேஜ். அம்மா நன்றாக இருக்கிறார். அக்கா பேசியதற்கு சாரி. "நாம மறுபடி பேசலாமா?"

இரண்டு தடவை படித்தேன். பிடித்துத்தான் இருந்தது அவனை, அதனால்தான் இவ்வளவு ஆத்திரம். என் விரலைக் குத்தும்போது எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். வேண்டாம்க்கா என்று ஒரு சொல் சொல்லவில்லை.

பதில் போட்டேன்: "ஸ்டிரிப் டப்பாவக் கார்ல வைக்காதீங்க."

படித்துவிட்டான். பேப்பர் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது.