இன்ஜினுக்கு ஒரு பங்கு

அண்ணே, நேற்று காலை நம் கருவாட்டுக் கடைக்குக் கணக்கு மென்பொருள் விற்கிறவர் ஒருவர் வந்தார். மகள்தான் வரச் சொல்லியிருந்தாள். "மாசாமாசம் கட்டினா, எது வந்தாலும் நாங்க பார்த்துக்குவோம். ஒரேடியா வாங்கிட்டா உங்களுது. அப்புறம் நாங்க வரமாட்டோம்" என்றார். 'ஒரேடியா உங்களுது' என்றதுமே, கருவாட்டு வாடையையும் மீறி எனக்கு டீசல் நாற்றம் அடித்தது. மாசாமாசமே கட்டுகிறேன் என்றேன். "கஞ்ச மகாராணி, உனக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று மகள் சிரித்தாள்.

எழுபதுகளில் உன் படகில் ஓடிய இன்ஜின் உன்னுடையது இல்லை. கல்மண்டபத்துக்காரர் ஒருவருடையது. கரையில் மீனைப் பங்கு வைக்கும்போது முதல் குவியல் இன்ஜினுக்கு. மிச்சம்தான் படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும். கூடை தூக்கி விற்கிறவள் நான். நல்ல வஞ்சிரமாகப் பார்த்து அந்தக் குவியலில் போடும்போது வயிறு எரியும்.

அதற்கு ஈடாக மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் அவருடைய ஃபிட்டர் வருவார். இன்ஜினைப் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டி, என் கையால் குழம்பும் சோறும் சாப்பிட்டுப் போவார். உள்ளே என்ன செய்தார் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

அண்ணி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த சமயம்தான் நான் ஆரம்பித்தேன். "நனையறது நீ, மொதக் குவியல் அவுனுக்கா? வாங்கிப்போடு. ஒரேடியா நம்பளுது."

"ஃபிட்டரு வர்றாரேம்மே" என்று இழுத்தாய்.

"நல்லா ஓடிக்கினு கீற இன்ஜினை வாராவாரம் இன்னாத்துக்குப் பிரிக்கணும்? சோறு துன்னத்தான் வரான் அந்தாளு."

நீ சிரித்துவிட்டாய். என் பேச்சை நீ என்றைக்குத் தட்டினாய்? அதே இன்ஜினை அவரிடமே விலைக்கு வாங்கினாய். முதல் குவியல் இல்லாத அந்த முதல் நாள், நிறைந்த கூடையோடு ராணி மாதிரி நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பூசை முடிந்து வந்து தூங்கினாய். இன்ஜினை யாரும் திறக்கவில்லை.

நான்காவது மாதம், பட்டப்பகலில், எண்ணூர் முகத்துவாரத்துக்கு நேரே இன்ஜின் நின்றது. அலை படகைப் புரட்டிவிட்டது. கூட வந்த இரண்டு பேரும் நீந்திக் கரையேறினார்கள். படகை நெட்டுக்குப்பத்துக்காரர்கள் அன்றே இழுத்துப் போட்டார்கள். உன்னை மறுநாள்தான் கொண்டுவந்தார்கள். உன் மகனுக்கு அப்போது மூன்று மாதம்.

அடக்கம் முடிந்து, யாரும் கூப்பிடாமலே ஃபிட்டர் வந்தார். நெட்டுக்குப்பம் கரையில் கிடந்த இன்ஜினைத் திறந்து, வெடித்துப்போன ஒரு சாண் ரப்பர் குழாயை எடுத்துக் காட்டினார். "இது ஒண்ணுதாம்மா. உப்புத்தண்ணிக்குத் தாங்காது. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா நானே மாத்திக்கினு இருந்தேன். இது இன்னா பெரிய விசயம்னு சொல்லல." சாப்பிடக் கூப்பிட்டேன். வேண்டாமென்று போய்விட்டார்.

கூடை நிறைய வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். செத்தது நீ. இதை அண்ணியிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் உன் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அவள் உன்னைத்தான் திட்டுகிறாள். "சொந்த இன்ஜினு வோணும்னு யார்யா அயுதது? பங்கு குட்த்தா இன்னா கொறஞ்சா பூடுவ?" நான் பக்கத்தில் நின்று பூவைச் சரிசெய்வேன்.

போன வருடம் அவளால் தனியாக நடக்க முடியவில்லை. கைத்தாங்கலாக அழைத்துவந்தேன். திட்டி முடித்துவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். "நீ வோணாம்னு எட்த்து சொல்லியிருப்பே. உங்க அண்ணன் கேட்டிருக்க மாட்டாரு, இல்ல?"

ஆமாம் அண்ணி என்றேன்.