கூரையில் அப்பா முகம்

ஐப்பசி, புதன் இரவு.

எங்கள் தறியில் வேலை செய்யும் செல்லம்மாவுக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போனேன். பாயில் உட்கார்ந்து தலை நிமிர்ந்தால், ஓட்டுக்குக் கீழே அப்பா! மாலையோடு சிரிக்கிறார். போன மாதம் அவர் இறந்தபோது வீதி முனையில் நாங்கள் கட்டிய கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ். முகத்துக்குக் கீழே நான் எழுதிக் கொடுத்த வரி: "எங்கள் கூரை சரிந்ததே!" எழுதும்போது அழகாகத்தான் இருந்தது.

செல்லம்மா பதறி எழுந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. காத்துல அவுந்து சாக்கடையோரம் கெடந்துச்சுங்க. ஊடு வேற ஒழுகுதுங்க. அய்யா மூஞ்சிய யாரும் மிதிச்சிரக் கூடாதுன்னுதான் மேல கட்டுனனுங்க."

கழற்றித் தரச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கன்னத்தில் மழைத்தண்ணீர் தேங்கிப் புடைத்துத் தொங்கியது. அதற்கு நேர் கீழே அவள் பேத்தி நனையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது மறுபடியும் மழை பிடித்துவிட்டது. எங்கள் கான்கிரீட் தார்சு வீட்டில் ஒரு சொட்டு இறங்காது.

அங்கே அப்பா நனைந்துகொண்டிருப்பார்.