கோட்டைக்காரியின் மூன்றாவது மகன்

முதியோர் பென்ஷன் மனுவுக்கு ரேஷன் கார்டு வேண்டுமென்று போன வாரம் உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு, உன் சேலைகளுக்கு அடியில் அட்டை கிழிந்த அந்தப் புத்தகம் கிடந்தது. கார்டோடு அதையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

பழைய பேப்பர் கடையில் நீ எடைக்கு வாங்கியது. சீமையில் பல நூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒரு பிரபு வீட்டு அம்மாளின் கதை. அவள் பேர் நம் வாயில் நுழையாததால் 'கோட்டைக்காரி' என்று வைத்தாய். பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வந்து, மத்தியானம் சாப்பிட்டு நான் படுத்தால், தலைமாட்டில் உட்கார்ந்து வாசிப்பாய். பதினாலு வயதில் அவளுக்குக் கல்யாணம். புருஷன் சண்டைக்குப் போய்விட, சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு அவளே கோட்டையை ஆண்டாள். எழுத மட்டும் வராதாம். அவள் சொல்லச் சொல்ல ஒரு சாமியார் கடிதம் எழுதுவாராம்.

"பாத்தியளா, கோட்டைக்காரியே ஒங்க கட்சிதான்" என்று சிரித்தாய்.

எனக்கு எழுத்து தெரியாது, கேட்டது மறக்காது. அவளுடைய ஐந்து பிள்ளைகளில் யார் யாரைக் கட்டினார்கள், எவன் சொத்துக்கு அடித்துக்கொண்டான், எல்லாம் இன்றும் சொல்வேன். அதிலும் அந்த மூன்றாவது மகன்! இடக்கையால் வாள் பிடிப்பான். முடிவெட்ட ஆள் வந்தால் குதிரை லாயத்தில் போய் ஒளிவான். தாடி முளைத்து, இரண்டு பிள்ளைக்குத் தகப்பனான பிறகும் ஒளிந்தான்.

"ஏட்டி, நம்ம பயல மாதிரில்லா இருக்கான்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஊருக்கு ஊரு அப்படி ஒண்ணு இருக்கத்தான் செய்யும். சும்மா கேளுங்க" என்று பக்கத்தைத் திருப்பினாய்.

நானும் விட்டுவிட்டேன். ஏழு வயதில் காய்ச்சலில் நம் பயல் போனதிலிருந்து அவன் பேரை நான் சொன்னதில்லை. நீ பேச்செடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவேன். பிறகு நீயும் எடுப்பதை நிறுத்திக்கொண்டாய்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் என் மனுவை முடித்ததும் அவரிடம் புத்தகத்தை நீட்டினேன். "தம்பி, இதுல மூணாவது மகன் வார இடத்த வாசிங்க."

புரட்டிப் பார்த்தார். "அது தொட்டில்லயே செத்துப்போச்சு அண்ணாச்சி. ரெண்டு வரிதான் இருக்கு."

"நல்லாப் பாருங்க. அவனுக்குக் கல்யாணமெல்லாம் நடக்கும். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துக்காது."

"வேற எங்கயோ கேட்ட கதையச் சொல்லுதிய."

வேப்பமரத்தடி பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக நீ நம் பயலை வளர்த்திருக்கிறாய். தாடி முளைக்க வைத்தாய், பெண் பார்த்தாய், மருமகளோடு சண்டைகூடப் போட்டாய். நான் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டிருக்கிறேன். உள்ளதைச் சொன்னால் எழுந்து போய்விடுவேன் என்றுதானே சொல்லாமல் விட்டாய்? போயிருப்பேன்தான். அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இன்று மறுபடி அவரிடம் வந்து ஒரு தாள் எடுக்கச் சொன்னேன். "யாருக்கு அண்ணாச்சி?" என்றார். "வீட்டுக்காரிக்கு." "அட்ரஸ்?" "அது வேண்டாம் தம்பி, எழுதுங்க" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

நீ கண்ணை மூடும் முன் நிறுத்திய இடத்தில் அந்த மூன்றாவது மகனுடைய மூத்த மகள் கல்யாண வயதில் நின்றாள். நேற்று மத்தியானம் படுத்தபடி அவளுக்கு நானே மாப்பிள்ளை பார்த்தேன். பையனுக்கு எந்த ஊர் என்று யோசித்ததில் நம் பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூர் என்று வாயில் வந்துவிட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கதையை மட்டும் நம் பயல் பேரைச் சொல்லித்தான் தொடங்கினேன், சத்தமாகவே. என் வாயால் அந்தப் பேரைக் கேட்க நீ எத்தனை வருஷம் காத்துக் கிடந்தாயோ. வீட்டில் என்னைத் தவிர யார் காதிலும் விழவில்லை.